இன்னொரு தடவை சொல்லுங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். போடவில்லை. ஆனால் பதிலை எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். இதே கவலையோடு ஓசூர் ரோட்டிலும் ஒயிட்ஃபீல்டிலும் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

செங்கம் பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளி, திருவண்ணாமலையில் பி.காம்., இப்போது பெங்களூருவில் ஒரு ஃப்ரெய்ட் ஃபார்வர்டிங் ஆபீசில் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன். மெயில் எழுதச் சொன்னால் மளமளவென்று எழுதிவிடுகிறீர்கள். ஹாம்பர்க்கிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ போன் வந்தால் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. எண்ணைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டுவிட்டு, மீட்டிங்கில் இருந்தேன், மெயில் போடுங்கள் என்று எழுதிய கதையையும் சொல்லியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு கேள்வி: பிடிஎம் லேஅவுட்டில் ‘ஆக்சென்ட் ட்ரெயினிங்’ என்று ஒரு போர்டு பார்த்தேன், பணம் கட்டிச் சேரலாமா?

கட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை என்று ஓரிடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை, திரும்பக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, அதனால் ‘எஸ், எஸ், ஓகே’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன், பிறகு மெயிலில் வேறு மாதிரி வந்து நிற்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாக்கைத் திருத்துகிற வகுப்பு இதற்கு எப்படி உதவும்? பல்வலிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிற கதை அது.

அந்த வகுப்புகள் இந்த ஊருக்கு வந்த கதை உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே கிளை திறந்தபோது அமெரிக்காவுக்கு செயற்கைக்கோள் இணைப்பில் தரவு போனது; ஆட்கள் பேச வேண்டிய தேவை அவ்வளவு இல்லை. 2000 வாக்கில்தான் குரலே சரக்கானது. பி.வி. கண்ணனும் சண்முகம் நாகராஜனும் தொடங்கிய 24/7 கஸ்டமர் போன்ற கால் சென்டர்கள் அந்தக் காலத்தவை. அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃப்ரீட்மன் 2005-ல் வெளியிட்ட உலகம் தட்டையானது என்ற புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே 24/7 கஸ்டமர் வருகிறது. இரவு ஷிப்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு வட அமெரிக்கர்களைப் போலப் பேசப் பயிற்சி கொடுக்கிற வகுப்பில் அவர் போய் உட்கார்ந்திருக்கிறார். ‘ட’வை மழுக்குவது, ‘ர’வைச் சுருட்டுவது, இந்த மாதிரி. எம்டிஐ என்று ஒரு சொல் அப்போது இந்த ஊர் எச்.ஆர். ஆட்கள் வாயில் புழங்கியது. தாய்மொழியின் சாயல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் எம்டிஐ இருக்கிறதா என்று பார்த்தார்கள். நம்மூர்ப் பெயர்களுக்குப் பதிலாக சாம், நான்சி என்று பெயர் சூட்டிக்கொண்டதும் அந்த நாட்களில்தான்.

அந்தக் கதையில் எல்லோரும் பாதியை மறந்துவிட்ட ஒரு சம்பவம் உண்டு. டெல் கம்பெனி 2001-ல் பெங்களூருவில் கால் சென்டர் திறந்தது. 2003 நவம்பரில், ஆப்டிபிளெக்ஸ், லாட்டிட்யூட் கம்ப்யூட்டர்கள் வாங்கிய பெரிய நிறுவனங்களின் அழைப்புகளை மட்டும் திரும்ப அமெரிக்காவுக்கே மாற்றிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் புகார் செய்தார்கள். என்ன புகார்? ‘இந்தியர்களின் உச்சரிப்பு புரியவில்லை’ என்பதுதான் இன்றைக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. செய்திகளில் வந்த புகாரில் இன்னொரு பாதியும் இருந்தது. எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள் என்பது அது. அதாவது, மறுமுனையில் இருப்பவர் நான் சொல்வதைக் காதில் வாங்கவில்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தன் பேச்சைக் கேட்கிறார் என்று தெரிந்தால் எந்த உச்சரிப்பையும் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் பயிற்சி வகுப்பு விற்பவர்களுக்கு முதல் பாதிதான் லாபம். உச்சரிப்பைப் பாக்கெட் போட்டு விற்கலாம், காது கொடுப்பதை எப்படி விற்பது?

சமூகவியலாளர் ஏ. அனீஷ், குர்கானில் ஒரு கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து பார்த்து எழுதிய ஆங்கில நூல் 2015-ல் வந்தது. அங்கே கேட்டது அமெரிக்க உச்சரிப்பைக்கூட அல்ல, எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு பேச்சை என்கிறார். இப்போது அந்த வேலையையும் மனிதன் செய்ய வேண்டாம் என்றாகிவிட்டது. பேசப் பேச உச்சரிப்பை மாற்றிக்கொடுக்கிற மென்பொருள் வந்திருக்கிறது. சனாஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதைச் செய்கிறது. உலகத்தின் பெரிய கால் சென்டர் நிறுவனங்களில் ஒன்றான டெலிபெர்ஃபார்மன்ஸ், இந்திய ஊழியர்களின் குரலுக்கு அதைப் பயன்படுத்துவதாக 2025-ல் செய்தி வந்தது. சனாஸில் 1.3 கோடி டாலர் முதலீடும் செய்திருக்கிறது. நல்லது, செய்யட்டும். அது கேட்கிறவரின் சௌகரியத்துக்கான பொருள். ஹாம்பர்க்காரர் சொன்ன தேதி டியூஸ்டேயா தேர்ஸ்டேயா என்று உங்களுக்கு அது சொல்லாது.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. பி.ஜி. ஆன்ட்டியிடமும் ஆட்டோக்காரர்களிடமும் கன்னடத்தில் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன் என்று. அந்த வரியில்தான் எனக்கு உங்கள் பிரச்சினைக்கான வழி தெரிந்தது. கன்னடத்தில் புரியாவிட்டால் என்ன செய்கிறீர்கள்? ‘இன்னொந்து சல ஹேளி’ என்கிறீர்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள். வெட்கமே இல்லாமல் கேட்கிறீர்கள். ஒருமை பன்மை தப்பாக வருகிறது, பாதி வாக்கியம் தமிழ், ஒரு கை சைகை. ஆனால் மடிவாளாவுக்கு எவ்வளவு என்பது முடிவாகிவிடுகிறது. அல்சூர் மார்க்கெட்டில் பூக்கட்டுகிற அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்னி உருது என்று ஆளுக்குத் தகுந்தாற்போல் மாறிக்கொண்டே இருப்பார்கள். 1809-ல் கன்டோன்மென்ட் வந்ததிலிருந்தே தமிழர்கள் இந்த ஊரில் இப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் மார்க் போட்டதில்லை.

ஆங்கிலம் மட்டும் நமக்கு மார்க்கோடு வந்தது. முதல் தாள், இரண்டாம் தாள் என்று எழுதினோம். சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார்கள். அதனால் இங்கிலீஷ் போன் வந்தால் வியாபாரம் வருகிறது என்று மனசுக்குப் படுவதில்லை, வாய்மொழித் தேர்வு வருகிறது என்று படுகிறது. தேர்வில் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் படிக்காத பிள்ளை. வியாபாரத்தில் திருப்பிக் கேட்காதவர்தான் நஷ்டப்படுகிறவர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை நடுங்க வைப்பவர் ஹாம்பர்க்கில் இல்லை என்று நினைக்கிறேன். பக்கத்து மேஜையில் இருக்கிறார். கான்வென்ட்டில் படித்த சக ஊழியர்கள், பின்னால் நடந்துபோகிற மேனேஜர், இவர்கள் காதில் விழுமே என்பதுதான் பாதி வியர்வை. ஹாம்பர்க்காரருக்கு உங்கள் இலக்கணம் பொருட்டல்ல, அவருக்கு பில் ஆஃப் லேடிங் சரியாக வர வேண்டும். எனவே முதல் மாற்றம் மொழியில் வேண்டாம், இடத்தில் செய்யுங்கள். முக்கியமான அழைப்பை மீட்டிங் ரூமில் போய்ப் பேசுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் காதும் நன்றாகக் கேட்கும். நல்ல ஹெட்செட் ஒன்றை ஆபீசில் கேட்டு வாங்குங்கள். ஆக்சென்ட் வகுப்புப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகாது.

உங்களோடு பேசுகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஹாம்பர்க்கில் ஜெர்மானியர், ஷாங்காயில் சீனர், சாண்டோஸில் பிரேசில்காரர். ஆங்கிலம் இவர்கள் ஒருவருக்கும் தாய்மொழி இல்லை. நியூஜெர்சிக்காரருடைய பெயரைக் குறிப்பிடவில்லை நீங்கள். எடிசன் பக்கம் என்றால் அவர் வீட்டில் குஜராத்தி பேசுகிறவராகக்கூட இருக்கலாம். பரீட்சை வைக்கத் தகுதியுள்ள வாத்தியார் யாருமே இந்த வரிசையில் இல்லை.

பிறமொழிக்காரர்கள் ஆங்கிலத்தில், முகம் பார்க்காமல், அவசரத்தில் பேசிக்கொள்கிற துறை ஒன்று உண்டு. அங்கே என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று பார்ப்பது உங்களுக்கு உதவும். விமானத் துறையைச் சொல்கிறேன். 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து ஏறிப்போன சவூதி போயிங் விமானமும் இறங்கிவந்த கஜகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதின. 349 பேர் இறந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த விமானத்தில் ஆங்கிலத்தில் பேசியது ரேடியோ ஆபரேட்டர். விமானிகள் அவரை நம்பியிருந்தார்கள். விசாரணையில் மொழிப் பிரச்சினையும் பேசப்பட்டது. அதற்குப் பிறகு சர்வதேச சிவில் விமான அமைப்பு 2003-ல் விதிகளைத் திருத்தியது. வெளிநாட்டு வான்வழிகளில் பறக்கும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறைக்காரர்களுக்கும் ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயம் என்றாக்கியது.

ஆனால் என்ன தேர்ச்சி கேட்டார்கள் தெரியுமா? ஆறு படிகள் வைத்து, நான்காவது படி போதும் என்றார்கள். நான்காவது படியில் உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம், எப்போதாவதுதான் அது புரிதலைக் கெடுக்கலாம், அவ்வளவே. அதோடு இன்னொரு தகுதி கேட்டார்கள். சந்தேகம் வந்தால் சரிபார்க்கவும், உறுதிப்படுத்திக்கொள்ளவும், விளக்கம் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்துபோகிறவர்களிடமே எம்டிஐ இல்லாமல் பேசு என்று கேட்கவில்லை. திருப்பிக் கேட்கத் தெரிகிறதா என்றுதான் பார்த்தார்கள். சொன்ன உயரத்தை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டு அறை அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வெறும் ‘ஓகே’ செல்லாது. இன்னும் வேடிக்கை, ‘த்ரீ’யில் வருகிற அந்தக் காற்றொலி உலகத்தில் பலருக்கும் வராது என்பதால் ரேடியோவில் அதை ‘ட்ரீ’ என்றே சொல்லும்படி வைத்திருக்கிறார்கள். தௌஸண்ட் அங்கே டௌஸண்ட், நைன் நைனர். ஆளைத் திருத்துவதைவிட மொழியைத் திருத்துவது சுலபம் என்று கண்டுகொண்டவர்கள்.

உங்கள் கன்டெய்னர் விஷயத்தில் உயிர் போகாது. ஆனால் ஒரு எழுத்து மாறினால் சரக்கு துறைமுகத்தில் கிடந்து டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தொலைபேசியே ஓர் அரைச் செவிடு என்பதையும் மனதில் வையுங்கள். பழைய இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். ‘எஸ்’ஸின் சீறலில் பெரும்பங்கு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் எஸ்ஸும் எஃப்பும் ஒன்றுபோலக் கேட்கும். லண்டனில் பிறந்து வளர்ந்த இருவர் பேசினாலும் அப்படித்தான். உங்கள் காதில் கோளாறு இல்லை. இப்போதைய 4ஜி குரல் அழைப்புகள் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் பல நெட்வொர்க்குகள் மாறி வருகிற வெளிநாட்டு அழைப்பு பெரும்பாலும் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். டீம்ஸிலோ ஜூமிலோ பேசினால் ஒலி அகலமாக வரும், எழுத்தில் தட்டிக் காட்டவும் இடமிருக்கும். அதனால், ‘நம்பர்கள் இருக்கின்றன, டீம்ஸில் பேசலாமா?’ என்று நீங்களே முதலில் கேட்டுவிடலாம். இது தப்பித்துக்கொள்வதல்ல. மீட்டிங்கில் இருந்தேன் என்று எழுதினீர்களே, அதுதான் தப்பித்துக்கொள்வது.

கன்டெய்னர் நம்பரை எடுத்துக்கொள்வோம். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஓர் இலக்கம். எழுத்துகளை ஆங்கில அரிச்சுவடியாகச் சொன்னால் தொலைபேசியில் பி, டி, ஈ, ஜி, வி எல்லாம் ஒரே ஓசை. நம் ஊரில் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்போம். எம்முக்கு மெட்ராஸும் என்னுக்கு நாக்பூரும் சொல்கிறவர்கள் உண்டு. நாக்பூர் என்றால் சாண்டோஸில் யாருக்குத் தெரியும்? விமானிகள் 1956 முதல் பயன்படுத்துகிற பட்டியலையே மனப்பாடம் செய்துவிடுங்கள்: அல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று போகும். எம் மைக், என் நவம்பர், எஸ் சியரா, எஃப் ஃபாக்ஸ்ட்ராட். இருபத்தாறு சொற்கள், ஒரு வாரம் பஸ்ஸில் படித்தால் போதும். கப்பல், சரக்குத் துறையில் உலகம் முழுக்கப் புரியும். அப்புறம், அந்தக் கடைசி இலக்கம் சும்மா இல்லை, தெரியுமோ? எழுத்துக்கெல்லாம் ஒரு மதிப்புக் கொடுத்து, இடத்துக்கேற்ப இரண்டின் அடுக்குகளால் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்த மீதி அது. எம்மை என் என்று எழுதிவிட்டால் கடைசி இலக்கம் பெரும்பாலும் ஒத்துவராது. பேசிக்கொண்டிருக்கும்போதே எக்ஸெல்லில் ஒரு பெட்டியில் தட்டிப் பார்த்துவிடலாம். ‘செக் டிஜிட் ஒத்துவரவில்லை, முதல் எழுத்தை இன்னொரு முறை சொல்கிறீர்களா’ என்று கேட்கிற பெண்ணை இங்கிலீஷ் தெரியாதவர் என்று எவனும் நினைக்க மாட்டான். வேலை தெரிந்தவர் என்று நினைப்பான்.

எண்களில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் எமன்கள். ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று உடைத்துச் சொல்லுங்கள், அவர் சொன்னாலும் உடைத்துக் கேளுங்கள். லட்சம் கோடியை இந்த எல்லைக்கு உள்ளேயே விட்டுவிடுங்கள். கிழமை சொன்னால் தேதியையும் மாதத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 05/06 என்பது அமெரிக்கருக்கு மே மாதம், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஜூன். ‘ஹாஃப் டென்’ என்று கேட்டால் உஷார். பிரிட்டிஷ்காரர் அதைப் பத்தரை என்ற பொருளில் சொல்வார். ஜெர்மன் மொழியில் அதே அமைப்புக்கு ஒன்பதரை என்று அர்த்தம், ஆங்கிலம் பேசும்போதும் அந்தப் பழக்கத்தில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. நம் பக்கத்து அரை மணி வித்தியாசம் வேறு சேர்ந்தால் அழைப்பு அடுத்த நாளைக்குப் போய்விடும்.

உச்சரிப்பில் நான் கவனிக்கச் சொல்வது கொஞ்சம்தான். பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பிறமொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது எது உண்மையில் புரிதலைக் கெடுக்கிறது என்று பார்த்தார். ‘த்’ காற்றொலி கெடுக்கவில்லை. குறில் நெடில் கெடுத்தது. ஷிப்பும் ஷீப்பும் மாறினால் வம்பு. அந்த வம்பு நமக்குக் கிடையாது. குறில் நெடில் தொல்காப்பியர் காலத்துச் சொத்து. அடுத்தது, சொல்லின் முதலில் வரும் ப, ட, க. நாம் காற்றில்லாமல் மென்மையாகச் சொல்வதால் ‘பேமென்ட்’டின் ‘பி’ அவர்கள் காதில் ‘பிராவோ’வின் பி ஆகிவிடும். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ‘பேமென்ட்’ என்று சொல்லிப் பாருங்கள், காகிதம் ஆட வேண்டும். யாரும் பார்க்காதபோது செய்யுங்கள்.

மூன்றாவது அழுத்தம். இது நமக்கு உண்மையிலேயே கஷ்டம், காரணம் தமிழில் அந்த வேலையைச் செய்ய உருபுகள் இருக்கின்றன. ‘கப்பல் செவ்வாய்க்கிழமைதான் கிளம்புது’, ‘செவ்வாய்க்கிழமையா?’ என்று ஒரு ‘தான்’, ஒரு ‘ஆ’ போட்டால் போதும், குரலை உயர்த்தவே வேண்டாம். ஆங்கிலத்தில் அந்தத் ‘தான்’ பெரும்பாலும் குரலில் இருக்கிறது. நாம் எல்லாச் சொல்லையும் ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டு போவதால் எது முக்கியம் என்று அவருக்குப் பிடிபடுவதில்லை. தமிழில் நீங்கள் ‘தான்’ போடும் இடம் எதுவோ, அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் கொஞ்சம் நீட்டி, உரக்கச் சொல்லுங்கள். ‘கேன்’, ‘கான்ட்’ குழப்பமும் இதே வகைதான். அமெரிக்கர் ‘முடியும்’ என்று சொல்லும்போது ‘கேன்’ஐ விழுங்கிவிடுவார், ‘முடியாது’ என்றால்தான் அழுத்துவார். நாம் ‘வீ கேன் டூ இட்’ என்று ‘கேன்’ஐ அழுத்திச் சொன்னால் முடியாது என்று காதில் விழ வாய்ப்பிருக்கிறது. முடியாததைச் சொல்லும்போது ‘கேனாட்’ என்று முழுசாகச் சொல்லிவிடுவது உத்தமம்.

இனி உங்களை மாட்டிவிட்ட அந்த ‘எஸ்’ஸுக்கு வருகிறேன். போனில் நாம் ‘ம்… ம்… சரி… ஆமாம்…’ என்று சொல்லிக்கொண்டே இருப்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். அதை அப்படியே ‘எஸ், எஸ், ஓகே’ என்று மாற்றினால் மறுமுனையில் ஒப்புக்கொண்டுவிட்டதாக எழுதிக்கொள்வார்கள். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ‘டிராஃப்ட் உங்களுக்கு வரலையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமா’ என்போம், வரவில்லை என்பதை ஆமோதித்து. ஆங்கிலத்தில் அதற்கு ‘நோ’ என்று பதில் சொல்ல வேண்டும். அவசரத்தில் இது யாருக்கும் வராது, எனக்கும் சில சமயம் வருவதில்லை. வழி ஒன்றுதான். எஸ், நோ இரண்டையும் நம்பாமல் முழு வாக்கியத்தில் பதில் சொல்வது: ‘வீ ஹாவ் நாட் ரிசீவ்ட் த டிராஃப்ட்.’ கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட, ‘ஐ ஆம் நோட்டிங்’ என்று அவ்வப்போது சொல்லுங்கள். அது சம்மதம் ஆகாது.

மௌனத்தைப் பற்றியும் கொஞ்சம். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஓர் ஆய்வில், கேள்வி முடிந்து பதில் தொடங்க மனிதர்கள் சராசரியாக எடுத்துக்கொள்வது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டார்கள். வெளிநாட்டு அழைப்பில் லைனே கொஞ்சம் தாமதிக்கும். அதன் மேல் நீங்கள் தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிற நேரம். மறுமுனைக்காரருக்கு அது தயக்கமாகத் தெரியும், உடனே மறுபடி பேசத் தொடங்குவார், இரண்டு குரலும் மோதும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் சொல்லிவிட்டு யோசியுங்கள். ‘ஒன் மொமென்ட், லெட் மீ செக் த ஃபைல்’ என்றால் யாரும் காத்திருப்பார்கள். ஃபைலைத் திறக்கிறீர்களா, மூச்சு விடுகிறீர்களா என்று அவருக்குத் தெரியவா போகிறது?

திருப்பிக் கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. வெறும் ‘சாரி?’ என்றால் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து, முன்பைவிட வேகமாகச் சொல்வார். புரிந்தவரை நீங்கள் சொல்லி, புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். ‘கப்பல் ஹாம்பர்க் வந்து சேர்கிறது என்றீர்கள், எந்தத் தேதி?’ இப்படிக் கேட்டால் அவர் ஒரு சொல் சொன்னால் போதும். ‘சாரி’யைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ‘ப்ளீஸ் கன்ஃபர்ம்’ என்பது அதே வேலையை நிமிர்ந்து நின்று செய்யும். ‘பால்பார்க்’ அது இது என்று அவர் ஊர் விளையாட்டுச் சொல்லைப் போட்டால், அதற்கு என்ன பொருள் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். புரியும்படி பேசுவதில் அவருக்கும் பாதிப் பொறுப்பு.

நியூஜெர்சிக்காரர் மூச்சு விடாமல் பேசுகிறார் என்று தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்துக்கு மெதுவாகப் பேசிவிட்டு மூன்றாவதில் பழையபடி ஓடுவார். எல்லோரும் அப்படித்தான். அவரை நிறுத்த எண்கள்தான் வழி. ‘நான் எழுதிக்கொள்கிறேன், பாயின்ட் ஒன் என்ன?’ என்று கேளுங்கள். எழுதி முடித்ததும் திருப்பிப் படியுங்கள். பிறகு பாயின்ட் டூ. எழுதுகிறவரின் வேகத்துக்குத்தான் சொல்கிறவர் வந்தாக வேண்டும். வாரா வாரம் பேசுகிறவர் என்பதால், அழைப்புக்கு முந்தின நாள் மாலையே பேச வேண்டிய விஷயங்களை நீங்களே மூன்று வரியில் மெயில் போட்டுவிடுங்கள். பாதி சொற்கள் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும், காது அவற்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

அழைப்பு முடிந்ததும், டீ குடிக்கப் போவதற்கு முன்னால், பேசியதை மெயிலாக அனுப்புங்கள். எண்கள், தேதி, யார் என்ன செய்ய வேண்டும், அவ்வளவு. கடைசி வரி: இதில் தவறு இருந்தால் இன்றைக்குள் சொல்லவும். நீங்கள் மளமளவென்று எழுதுகிறவர், அது உங்கள் பலம். வாய் பேசியதைவிட எழுத்தில் இருப்பதுதான் நிற்கும், உங்கள் மேனேஜருக்கும் அது தெரியும். ஆபீசில் சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

பின்குறிப்பாக ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். ‘ஹலோ, சொல்லுங்க சார்’ என்கிற பழக்கத்தில் ‘டெல் மீ சார்’ என்று வாயில் வந்துவிடுகிறது, தப்பா என்று. தப்பில்லை. வெளிநாட்டுக்காரர் காதில் கொஞ்சம் முரட்டுத்தனமாக விழலாம், அவ்வளவுதான். போனை எடுத்ததும் கம்பெனி பெயர், உங்கள் பெயர், ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப்?’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ‘ஹவ் ஆர் யூ’ என்றால் ‘ஃபைன், தேங்க் யூ’ போதும். ‘ஊட்ட ஆய்த்தா’, சாப்பாடு ஆயிற்றா என்கிற அளவுக்கு அதற்குள் போக வேண்டியதில்லை. அவர் எடுக்காமல் வாய்ஸ்மெயிலுக்குப் போனால் வைத்துவிடாதீர்கள். பெயர், கன்டெய்னர் நம்பர், திரும்ப அழைக்க வேண்டிய எண், எத்தனை மணிவரை இருப்பீர்கள், எந்த ஊர் நேரம் என்பது வரை சொல்லுங்கள். எண்ணை இரண்டு முறை, இரண்டாம் முறை இன்னும் மெதுவாக.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்
பெங்களூரு